2,400 ரூபாய் எட்ஜ் கைடு: சர்க்குலர் சாவுக்கு வாங்கலாமா, காசு தண்டமா?

மாடிவீட்டுத் தச்சன்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் வாடகை வீட்டு மொட்டை மாடிதான் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓடும். கீழ்வீட்டுக்காரர்கள் சாப்பிட்டுப் படுப்பதற்குள் மெஷினை அணைத்துவிட வேண்டும், அதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

கையில் இருப்பது 7 இன்ச் சர்க்குலர் சா, அதாவது கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம், 185 மிமீ பிளேடு. அடுத்த வேலை 19 மிமீ பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரி. அது தேறினால் சமையலறை லாஃப்டுக்கு மைக்கா ஒட்டிய கதவுகள். (வீட்டம்மா கணக்கில் லாஃப்ட் கதவுதான் முதலில். அந்தப் பஞ்சாயத்து தனி.)

கோட்டைப் பார்த்துக் கையால் அறுத்தால் நாலடி நீளத்துக்குள் ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) அங்கே இங்கே போய்விடுகிறது. மெஷினோடு கொடுத்த டி வடிவக் கம்பி ஒரே ஒரு திருகில் நிற்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் ஆடும், ஒரு அடிக்கு மேல் எட்டவும் எட்டாது. போதாததற்கு மேல்பக்கம் முழுக்கப் பிசிறு.

ஆன்லைனில் இரண்டு சாமான்களைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று 2,400 ரூபாய். மெஷினின் அடித்தட்டு உட்கார ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் அலுமினியப் பட்டை, அதன் முனையில் பிளைவுட் ஓரத்தை உரசிக்கொண்டு ஓடும் ஒரு கட்டை. பட்டையில் 24 இன்ச் வரை அளவு அச்சிட்டிருக்கிறது. இன்னொன்று 5,600 ரூபாய். பிளைவுட் மேல் வைத்து அதில் மெஷினை ஓட்ட 700 மிமீ நீளத்தில் இரண்டு அலுமினிய ரெயில், இரண்டையும் சேர்க்கும் பட்டை, ‘எல்லா மெஷினுக்கும் பொருந்தும்’ என்று சொல்லிக்கொள்ளும் அடாப்டர் தட்டு. பெரிய கம்பெனிகளின் டிராக் சா (ரெயிலில் ஓடுவதற்கென்றே செய்த ரம்பம்) என் சம்பளத்துக்கு இப்போதைக்கு இல்லை.

இரண்டில் எது? இல்லை, இரண்டுமே வேண்டாமா? பிளேடு மெஷினோடு வந்த 24 பல் பிளேடுதான், இன்னும் மாற்றவில்லை.

---

ஓசூர் ஷெல்ஃப் கடை

ப்ரோ, அந்த 2,400 ரூபாய் சாமான் மாதிரியே ஒன்று என்னிடம் இருக்கிறது. வேறு பிராண்டு, உருவம் அதே. எனக்குப் பிடித்த சாமான்தான், ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்பது முக்கியம்.

நான் கடைகளுக்கு ஷெல்ஃப் செய்து கொடுக்கிறேன். ஒரே அகலத்தில், 11¾ இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஷீட்டிலிருந்து நாலு பட்டை எடுக்க வேண்டும். இதில் ஒரு தடவை அளவை இறுக்கிவிட்டால் அப்புறம் டேப்பும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். எட்டடி நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போகலாம். நாலு பட்டையும் அகலம் ஒத்து வரும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அச்சிட்ட அளவை நம்பாதீர்கள். பிளேடு மாற்றினால் அது தின்னும் மரத்தின் தடிமனும் மாறும். வீண் துண்டில் ஒரு தடவை அறுத்து டேப் வைத்துப் பார்த்துத்தான் குறிமுள்ளைச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, ஒரு கை மெஷினில், ஒரு கை அந்த ஓரக் கட்டையில். ஓரக் கட்டையை ஷீட்டோடு அழுத்திக்கொண்டே நடக்கப் பழகணும். அழுத்தம் விட்டால் பிளேடு உள்ளே திரும்பப் பார்க்கும்.

என் ஓட்டு: வாங்கலாம்.

---

நூல்கணக்கு

தம்பி, ஓசூர்க்காரர் சொன்னதில் தப்பில்லை. அவர் வேலைக்கு அது சரி. உங்கள் வேலைக்குச் சரியா என்பதுதான் கேள்வி. கோவையில் நெடுநாள் கேபினட் வேலை எடுத்துச் செய்தவன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், எனக்கு நேரம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தக அலமாரியில் என்னென்ன வெட்டு வரும் என்று முதலில் பாருங்கள். ஷீட்டை நீளவாக்கில் ஒரு அடி அகலப் பட்டைகளாகக் கிழிக்க வேண்டும். இது எட்ஜ் கைடு செய்யும். அப்புறம் அந்தப் பட்டைகளைக் குறுக்கே 30, 32 இன்ச் என்று தட்டு நீளத்துக்கு நறுக்க வேண்டும். இது எட்ஜ் கைடால் ஆகாது. 24 இன்ச்சுக்கு மேல் அது எட்டாது என்பது ஒரு பக்கம். எட்டினாலும், உரசி ஓட அதற்குக் கிடைக்கும் ஓரம் வெறும் ஒரு அடி. ஒரு அடி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி இருக்கும் பிளேடை நேராக ஓட்ட யாராலும் முடியாது, மெஷின் திரும்பிவிடும். அலமாரி மூலைமட்டத்துக்கு நிற்பது இந்தக் குறுக்கு வெட்டில்தான். ஆக, 2,400 ரூபாய் கொடுத்தும் பாதி வேலைக்குக் கையால்தான் அறுக்கப் போகிறீர்கள்.

இன்னொன்று. எட்ஜ் கைடுக்குச் சொந்தமாக நேர் கிடையாது. ஷீட்டின் ஓரம் எப்படியோ அப்படியே அறுக்கும். லோடு ஏற்றி இறக்கும்போது ஓரத்தில் அடிபட்ட பள்ளம் இருந்தால், அந்தப் பள்ளம் உங்கள் தட்டிலும் வரும்.

ரெயில் வேறு தத்துவம். அதன் நேர் அதனிடமே இருக்கிறது. ஷீட்டின் ஓரம் எப்படியிருந்தாலும் கவலையில்லை, குறுக்கே, நெடுக்கே, சாய்வாக எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு துண்டு ரெயிலில் எனக்குப் பயம் அந்த நடுச் சேர்மானம். அலன் கீ திருகை இறுக்க இறுக்க ரெயிலே ஒரு பக்கம் தள்ளிக்கொள்ளும். 700 மிமீ துண்டு தனித்தனியாக நேராக இருந்தும், சேர்த்த பிறகு நடுவில் முழங்கை மடங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கினால் பெட்டியைப் பிரித்ததும் இதைச் செய்யுங்கள். ரெயிலைச் சேர்த்து இறுக்கி ஒரு பிளைவுட் மேல் வைத்து, வெட்டும் ஓரத்தை ஒட்டி, கூராகச் சீவிய பென்சிலால் முழு நீளத்துக்குக் கோடு போடுங்கள். பிறகு ரெயிலைத் தலைமாற்றி, கோட்டின் மறுபக்கம் வைத்து, அதே ஓரத்தை அந்தக் கோட்டின் இரண்டு முனைகளிலும் ஒட்டவைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் ரெயில் நேர். நடுவில் மீன் வயிறு மாதிரி இடைவெளி தெரிந்தால் அதில் பாதிதான் உண்மையான கோட்டம். ஒரு மிமீ இடைவெளி என்றால் அரை மிமீ கோட்டம். புத்தக அலமாரிக்குப் பொறுத்துக்கொள்ளலாம், எதிரெதிரே மூடும் கதவுக்கு ஆகாது. திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் உங்கள் மெஷினைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை மூடும் கார்டைத் தூக்கி, பிளேடின் ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து அடித்தட்டின் ஓரத்திலிருந்து எவ்வளவு என்று அளங்கள். அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி அளங்கள். அரை மிமீக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிளேடும் அடித்தட்டும் ஒரு போக்கில் இல்லை. மலிவு மெஷின்களில் அழுத்தி வளைத்த தகரத் தட்டு வரும், ஒரு தடவை கீழே விழுந்தாலே போதும், கோணிக்கொள்ளும். அப்படி இருக்கும்போது ரெயிலில் ஓட்டினால் பிளேடின் பின்பக்கம் மரத்தை உரசும். வெட்டிய முகத்தில் பிறை பிறையாகக் கோடும் கருகலும் இருந்தால் அதுதான் காரணம். மெஷின் பின்னால் உதைப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அப்புறம் அந்த 24 பல் பிளேடு. ரீப்பர் அறுக்க, சென்ட்ரிங் பலகை அறுக்க நல்லது. பிளைவுட்டுக்கு அதை வைத்துக்கொண்டு ரெயில் வாங்குவது மொட்டைத் தலைக்கு வெள்ளிச் சீப்பு. 40 பல் கார்பைடு முனை பிளேடு ஒன்று வாங்குங்கள். மைக்கா கதவு நிச்சயம் என்றால் 60. உங்கள் பிசிறில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மீதிக்கு: சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டும், அதனால் மேல்முகம்தான் பிய்யும். நல்ல முகத்தைக் கீழே போடுங்கள். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடு கத்தியால் ஒரு கீறு கீறிவிட்டு அறுத்தால் இன்னும் சுத்தம். ஆழம், பிளைவுட்டைத் தாண்டி ஐந்தாறு மிமீ போதும். முழு ஆழத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு அறுப்பது ஆபத்து.

எனக்கு விட்டால் இப்போதைக்கு இரண்டையும் வாங்க மாட்டேன். மெஷினை நேராக ஓட்ட ஒரு பலகையை நானே செய்துகொள்வேன். 6 மிமீ பிளைவுட்டில் ஐந்தடி நீளம், 15 இன்ச் அகலத்துக்கு ஒரு துண்டு. அதன் மேல் 12 மிமீ பிளைவுட்டில் நாலு இன்ச் பட்டை, கம்பெனியில் வெட்டிவந்த ஓரம் மெஷின் பக்கம் பார்க்கும்படி, பெவிகால் போட்டுக் கீழிருந்து திருகு. காய்ந்ததும் அந்த ஓரத்தில் மெஷினை ஒட்டி ஒரு தடவை ஓட்டினால், 6 மிமீ தட்டில் அதிகப்படி இருப்பது அறுபட்டுப் போகும். மிச்சம் நிற்கும் விளிம்புதான் உங்கள் பிளேடு ஓடும் இடம். இனி கோட்டில் அந்த விளிம்பை வை, இரண்டு கிளாம்ப் போடு, அறு. அவ்வளவுதான். கணக்குப் போட வேண்டியதில்லை. விளிம்பு மரத்தை அழுத்திப் பிடிப்பதால் அந்தப் பக்கம் பிசிறும் வராது. ஐந்தடி ஏன் என்றால், ஷீட்டின் அகலம் நாலடி. பிளேடு மரத்தில் நுழையும் முன்பே அடித்தட்டு ஓரத்தில் படிந்திருக்க வேண்டும், வெளியே வந்த பிறகும் கொஞ்சம் படிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் ரெயிலும் 1,400 மிமீ இருப்பது இதற்காகத்தான்.

---

சும்மா கேட்கிறேன்

அண்ணே, என்னிடம் சர்க்குலர் சா இல்லை. 4 இன்ச் மார்பிள் கட்டர் இருக்கிறது, அதில் மர பிளேடு போட்டுத்தான் அறுக்கிறேன். எங்கள் ஊரில் எல்லா ஆசாரியும் அதுதான். நீங்கள் சொன்ன பலகை இதற்கும் செய்யலாமா?

---

நூல்கணக்கு

செய்யலாம், நேராக ஓடும். ஆனால் நான் சொல்ல மாட்டேன் தம்பி. சர்க்குலர் சா நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று; மார்பிள் கட்டர் 12,000 சுற்றுக்குப் பக்கம். முதலில், உங்கள் மர பிளேடின் மேல் எத்தனை சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டாவது, கல் அறுக்கச் செய்த மெஷினில் பிளேடை மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கார்டு கிடையாது. அறுத்து முடித்துக் கையைத் தாழ்த்தினால் திறந்த பிளேடு உங்கள் தொடைப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லா ஆசாரியும் செய்கிறார்கள் என்பது வாஸ்தவம். அவர்களில் எத்தனை பேருக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

---

பேனல் சா பக்கத்து வீடு

இதில் யாரும் சொல்லாத ஒன்று. எட்டடி வெட்டை ஏன் வீட்டில் செய்ய வேண்டும்? 19 மிமீ ஷீட் 35 கிலோ பக்கம் வரும். மாடிப்படி திருப்பத்தில் அதைத் தூக்கிக்கொண்டு போவதே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பெரிய பிளைவுட் கடைகள் பலவற்றில் ஸ்லைடிங் பேனல் சா (முழு ஷீட்டை நகரும் மேஜையில் வைத்து அறுக்கும் பெரிய மெஷின்) போட்டுவிட்டார்கள். வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பெரிய பிளேடுக்கு முன்னால் குட்டி பிளேடு ஒன்று எதிர்த்திசையில் சுற்றி, அடிமுகத்தில் லேசாகக் கீறிவிடும். அதனால் மைக்கா ஒட்டிய பலகைகூடப் பிசிறில்லாமல் வரும். நீளவாட்டுப் பட்டைகளை அங்கேயே வெட்டி வாங்கிவிட்டால், வீட்டில் ஒரு அடி அகலக் குறுக்கு வெட்டு மட்டும்தான் மிச்சம். அதற்கு மூன்றடிப் பலகையே போதும்.

வெட்டுப் பட்டியலை மிமீயில் எழுதிக் கொடுங்கள். இன்ச்சில் சொன்னால் மெஷின் ஓட்டும் பையன் நூலைக் குத்துமதிப்பாக மாற்றுவான். பிளேடு தின்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்: 1,220 மிமீ அகலத்தில் 305 மிமீ பட்டை நாலு வராது.

ஒருநாள் ரெயில் வாங்குவதாக இருந்தால் ஒரே துண்டாக 1,400 மிமீ வாங்குங்கள். மக்கிட்டா கம்பெனி மெஷின் ஃபெஸ்டூல் கம்பெனி ரெயிலில் ஓடும், ஃபெஸ்டூல் மெஷின் மக்கிட்டா ரெயிலில் ஓடும். போஷின் எஃப்எஸ்என் ரெயில் வேறு வகை, அது மாஃபெல் கம்பெனி மெஷினோடுதான் சேரும். இதைப் பார்க்காமல் வாங்கினால் பின்னால் மெஷின் மாற்றும்போது ரெயிலும் மாற்ற வேண்டிவரும்.

---

ஓசூர் ஷெல்ஃப் கடை

நூல்கணக்கு ஐயா, குறுக்கு வெட்டு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அதற்கு நானும் தனியாக ஒரு ஸ்கொயர் (மூலைமட்டம்) வைத்துத்தான் அறுக்கிறேன். ஆனால் பேனல் சா கடை எல்லா ஊரிலும் இல்லை. இருக்கும் கடையிலும் அங்கேயே ஷீட் வாங்கினால்தான் வெட்டித் தருவார்கள். ஒரு கடையில் என் பட்டியலைப் பார்க்காமலே வெட்டி, ஷெல்ஃப் நீளமும் அகலமும் மாறி, வேனியர் ஓட்டம் (மேல்முக மரரேகை போகும் திசை) குறுக்கே போய்விட்டது. எந்தப் பக்கம் ஓட்டம் என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

---

மாடிவீட்டுத் தச்சன்

எல்லோருக்கும் நன்றி. முதலில் மெஷினைச் சோதித்தேன். முன்னால் 38 மிமீ, பின்னால் அதே 38, முடி அளவு கூட. ஆக மெஷின் பிழைத்தது. 40 பல் பிளேடு வாங்கினேன். அதை மாட்டிக் கையாலேயே ஒரு வீண் துண்டை அறுத்துப் பார்த்ததில் பிசிறு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த 2,400 ரூபாய் சாமானைக் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

பலகையும் செய்தாயிற்று. நீளவாட்டுப் பட்டைகளைக் கடையில் வெட்டி வாங்கினேன். அம்புக்குறி யோசனைக்கு ஓசூர் ப்ரோவுக்குத் தனி நன்றி, அந்தப் பையன் உண்மையிலேயே திருப்பி வைக்கத்தான் போனான். வீட்டில் தட்டுகளைக் குறுக்கே நறுக்கினேன், இரண்டிரண்டாக அடுக்கிப் பார்த்தால் நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, மெஷின் போகும் வழியில் மோட்டார் கிளாம்ப் தலையில் போய் இடிக்கிறது. இன்னொன்று, அறுத்து முடியும் இடத்தில் வெட்டுப்படும் துண்டு தொங்கி, கடைசி அரை இன்ச் உடைந்து பிய்கிறது.

---

நூல்கணக்கு

நல்லது. கிளாம்பைத் தலைகீழாகப் போடுங்கள், கைப்பிடி கீழே வரட்டும், மேலே தட்டை வாய் மட்டும் தெரியட்டும். அதையும் பட்டையின் பின்னோரத்தில், மெஷினுக்கு எட்டாத தூரத்தில் கடிக்க விடுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளக் போடாமல் மெஷினை முழு நீளத்துக்கு ஒரு வெள்ளோட்டம் தள்ளிப் பாருங்கள். ஒயர் எங்கே சிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பாதி வெட்டில் ஒயர் பலகை மூலையில் மாட்டினால் மெஷின் நின்ற இடத்தில் பிளேடு மரத்தைத் தின்றுவிடும்.

துண்டு தொங்குவதற்கு மேஜையே வேண்டாம். இரண்டு இன்ச் தெர்மாகோல் ஷீட்டைத் தரையில் விரித்து அதன் மேல் பிளைவுட்டைப் போட்டு அறுங்கள். பிளேடு தெர்மாகோலுக்குள் ஐந்தாறு மிமீ இறங்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பக்கத் துண்டும் கடைசி வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். மாடியில் காற்று அடித்தால் தெர்மாகோல் தூள் கீழ்வீட்டு வாசலுக்குப் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். ஒரு முனையில் துளை போட்டு ஆணியில் தொங்க விடுங்கள். அந்த 6 மிமீ விளிம்பில் இந்த 40 பல் பிளேடின் அளவை எழுதிவையுங்கள். கதவுக்கு 60 பல் வாங்கினால், பிளேடு தடிமன் மாறியிருந்தால் அதற்குத் தனிப் பலகை.